இரண்டு எர்த் போட்டதுதான் தப்பு: தண்டையார்பேட்டை மாடி ஆன்டெனாவுக்கு இடிக்காப்பு

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஹாம் ரேடியோவுக்கான (அமெச்சூர் வானொலி) ஆன்டெனா இருக்கிறது. ஜூன் மாதச் சாயங்கால மழையில் இடி நேராக வீட்டின் மேல் விழவில்லை. சில தெரு தள்ளி எங்கேயோ இறங்கியது. அதற்கே ரேடியோவுக்குக் கரன்ட் கொடுக்கும் 13.8 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். போனது, ரிக்கின் (பேசவும் கேட்கவும் உள்ள ரேடியோப் பெட்டி) யு.எஸ்.பி. வாசல் போனது, அந்தக் கேபிளின் மறுமுனையில் இருந்த கம்ப்யூட்டரின் மதர்போர்டும் போனது. ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த அரெஸ்டரை (ஆன்டெனா கேபிளில் வரும் இடி மின்னோட்டத்தை எர்த்துக்குத் திருப்பும் சாதனம்) கழற்றிச் சோதித்தால் அது முழுசாக இருந்தது. ரிக்கின் ஆன்டெனா வாசலிலும் பழுது இல்லை. ஆன்டெனா வழியே வந்ததைத் தடுக்கப் போட்ட காப்பு தன் வேலையைச் செய்திருக்கிறது. சாமான்கள் வேறு வழியில் எரிந்திருக்கின்றன.

அந்த வழியைத் தேடி அடைத்த வேலை ஜூலையில் தொடங்கி அக்டோபர் முதல் வாரம் வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடந்தது.

முதலில் பழைய அமைப்பு. மனை 20க்கு 60 அடி, தரைத்தளமும் ஒரு மாடியும். மொட்டைமாடியில் படிக்கட்டுக் கூண்டுச் சுவரோடு கட்டிய ஒன்றரை இஞ்ச் பி கிளாஸ் ஜி.ஐ. பைப், 20 அடி; இதுதான் மாஸ்ட். உச்சியில் 2 மீட்டர் அலைவரிசைக்கான செங்குத்து ஆன்டெனா. அதற்குக் கீழே 18 அடி உயரத்திலிருந்து 40 மீட்டர் அலைவரிசைக்கான இன்வர்டெட் வீ, அதாவது தலைகீழ் V மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கம்பி ஆன்டெனா. மனை நீளம் போதாமல் இரண்டு முனையும் கைப்பிடிச் சுவரோரம் மடங்கிப் போகும். இரண்டுக்கும் ஆர்.ஜி.213 கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வெளிவலை உள்ளது). ரேடியோ அறை மாடியில் தெருப்பக்கம். அரெஸ்டர் அந்த அறை ஜன்னலில். அங்கிருந்து ஒரு பச்சை ஒயர், 6 ஸ்கொயர் எம்.எம்., சுவரோரமாக 17 மீட்டர் ஓடிப் பின்பக்கம் போய், துணி துவைக்கும் கல்லருகே அடித்த நாலடி ஜி.ஐ. பைப்பில் முடியும். பின்பக்கம் போனதற்கு ஒரே காரணம்: வீட்டில் மண் தெரிகிற இடம் அது ஒன்றுதான். முன்பக்கம் முழுக்க சிமென்ட். மீட்டரும் மின் இணைப்புக்கான எர்த்தும் முன்பக்கம். இரண்டு எர்த்துக்கும் நடுவே எந்த இணைப்பும் இல்லை. "ரேடியோவுக்குத் தனி எர்த் போடணும், ஈ.பி. எர்த்தோட சேர்க்கக்கூடாது" என்பது பலரும் சொல்லும் விதி, அதன்படி போட்டதுதான்.

எரிந்த மூன்று சாமானையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ரேடியோ எர்த்திலிருந்து அரெஸ்டர், கோஆக்ஸின் வெளிவலை, ரிக்கின் உடம்பு, அங்கிருந்து ஒரு கிளை யு.எஸ்.பி. கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கும் அதன் மூன்று பின் பிளக்குக்கும், இன்னொரு கிளை எஸ்.எம்.பி.எஸ். வழியாக இன்னொரு மூன்று பின் பிளக்குக்கும். இரண்டும் போய்ச் சேருவது வீட்டு எர்த். இரண்டு எர்த்துக்கும் நடுவே ரிக்தான் பாலம். பின்பக்க பைப்பின் தடை பிறகு அளந்தபோது 46 ஓம். பக்கத்து இடியால் ஆன்டெனாவில் தூண்டப்பட்டு வெறும் 500 ஆம்பியர் அதில் இறங்கினாலே 23,000 வோல்ட். முன்பக்க எர்த் தன் பாட்டுக்குப் பூஜ்யத்தில் நிற்கிறது. அந்த வித்தியாசம் மேஜையின் மேல் தீர்த்துக்கொண்டது.

இணைத்தால் போதும் என்று நினைத்தது

அப்படியானால் இரண்டு எர்த்தையும் ஒயரால் சேர்த்துவிடலாம் என்று பாரிமுனையில் 16 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் 16 மீட்டர் வாங்கியாயிற்று, 3,000 ரூபாய். சுவரில் கிளிப் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் கணக்கு உறைத்தது. ஒயர் எவ்வளவு தடியாக இருந்தாலும் நீளத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி தூண்டல் இருக்கும். இடி மின்னோட்டம் ஒரு மைக்ரோவினாடியில் ஆயிரம் ஆம்பியர் வேகத்தில் ஏறினால் மீட்டருக்கு 1,000 வோல்ட்; 15 மீட்டருக்கு 15,000. நேரடி இடியில் ஏற்றம் இதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். மின்வாரிய 50 ஹெர்ட்ஸுக்கு அந்த ஒயர் நல்ல இணைப்பு. இடிக்கு அது ஒயரே இல்லை, சுருள்.

ஆக, நீளமான ஒயரால் இரண்டு எர்த்தைக் கட்டிப்போடும் எண்ணத்தை விட்டு, ரேடியோ எர்த்தையே முன்பக்கம் மீட்டர் பக்கத்துக்குக் கொண்டுவருவது என்று முடிவானது. மின்சாரமும் ஆன்டெனா கேபிளும் வீட்டுக்குள் ஒரே இடத்தில் நுழைய வேண்டும், அந்த இடத்தில் ஒரே எர்த் இருக்க வேண்டும். இடி வந்தால் வீட்டு எர்த்தின் மட்டம் எகிறத்தான் செய்யும். எல்லாச் சாமானும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கினால் நடுவில் பாய ஒன்றும் இருக்காது.

பின்பக்க பைப்பைப் பிடுங்கிப் பார்த்தது உபயோகமாக இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் கரியும் உப்பும் போட்டு இறக்கியது. கடலுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றில், ஏற்கெனவே உவர்நீர் ஊறுகிற மண்ணில், மேலும் உப்பு. மண்மட்டத்துக்கு ஓரடி கீழே பைப்பின் சுவர் அப்பளமாகியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் உடைந்தது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் எர்த் குழிக்கு உப்பு போடுவது பைப்பைச் சீக்கிரம் சாகடிக்கும் வேலை மட்டுமே.

அளவு எடுப்பது

தெருவில் எலக்ட்ரீஷியன்கள் செய்யும் சோதனை ஒன்று உண்டு: பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பு போட்டு, பளிச்சென்று எரிந்தால் எர்த் நல்லது என்பார்கள். எரியும் பல்பின் தடை சுமார் 530 ஓம். எர்த் 5 ஓம் இருந்தாலும் 50 ஓம் இருந்தாலும் பல்பு எரிவதில் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்த நேரம் எர்த்தோடு சேர்ந்த எல்லாச் சாமான் உடம்பிலும் சில வோல்ட் ஏறி நிற்கும். ஆர்.சி.சி.பி. (கரன்ட் எர்த்துக்குக் கசிந்தால் மெயினைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள வீட்டில் அது உடனே விழுந்துவிடும். எந்த வகையிலும் இது அளவு ஆகாது.

சரியான முறை எர்த் டெஸ்டரும் இரண்டு முளையும்: மின்னோட்ட முளை 30 மீட்டர் தள்ளி, வோல்டேஜ் முளை அதில் 62 சதவீத தூரத்தில். தார்ச்சாலையும் சிமென்ட் நடைபாதையும் உள்ள தெருவில் முளை அடிக்க இடம் கிடையாது. கிளாம்ப் வகை எர்த் டெஸ்டரை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தோம், 1,000 ரூபாய். அதில் ஒரு பொறி இருக்கிறது. தனியாக நிற்கும் ராடைக் கிளாம்ப் செய்தால் ஒன்றும் காட்டாது. மின்னோட்டம் சுற்றி வர ஒரு வழி வேண்டும். இரண்டு எர்த்தைத் தற்காலிகமாக ஒயரால் சேர்த்து அந்த ஒயரைக் கிளாம்ப் செய்தால் இரண்டின் கூட்டுத்தொகை வரும். பழைய பைப்பையும் வீட்டு எர்த்தையும் சேர்த்து அளந்தபோது வந்தது 58.

மூன்று எர்த் இருந்தால் கூட்டுத்தொகைகளிலிருந்து ஒவ்வொன்றையும் பிரித்துவிடலாம். புது ராடுகள் இறங்கிய பிறகு எடுத்த அளவு: முதல் ராடும் இரண்டாவது ராடும் 19.2, முதல் ராடும் வீட்டு எர்த்தும் 21.4, இரண்டாவதும் வீட்டு எர்த்தும் 21.8. முதல் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்துப் பாதியாக்கினால் முதல் ராடு 9.4 ஓம். மற்றவை 9.8, 12. முந்தைய 58இலிருந்து 12 போக மீதி 46. பழைய பைப்பின் கதை அதுதான். ராடுகள் ஒன்றுக்கொன்று ரொம்ப நெருக்கமாக இருந்தால் இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டு எர்த்தை அளக்க அதன் ஒயரைக் கழற்றும்போது மெயினை அணைத்துவிட்டே கழற்ற வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் கரன்ட் இருக்கக்கூடாது.

இடையில் ஒரு யோசனை வந்தது: முன்வாசல் அடிபம்பு. வடசென்னையில் பல வீட்டு வாசலில் ஒன்று நிற்கும், மண்ணுக்குள் ஆழமாகப் போகிற இரும்பு, எர்த்துக்கு லட்டு மாதிரி என்று தோன்றும். டெஸ்டர் முள் அசையவில்லை. மேலே தெரிகிற இரண்டடி மட்டும் இரும்பு, கீழே முழுக்க பி.வி.சி.

ராடு

செம்பு முலாம் பூசிய ராடு இரண்டு: 17.2 மி.மீ. தடிமன், 3 மீட்டர், முலாம் 250 மைக்ரான். ஒன்று 2,700 ரூபாய். முலாம் 50, 100 மைக்ரான் என்று பாதி விலைக்கும் கிடைக்கிறது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். இந்த உப்பு மண்ணுக்கு அது வேண்டாம். கடையில் அரத்தால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் இரும்பு எவ்வளவு சீக்கிரம் பல்லிளிக்கிறது என்று தெரியும்.

முன்பக்க சிமென்ட் தரையில் நாலு இஞ்ச் கோர் கட்டிங் துளை இரண்டு, 1,200 ரூபாய். ஒன்று மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே, சுவரிலிருந்து ஓரடி தள்ளி. மற்றது பக்கச் சந்தில் 3.2 மீட்டர் உள்ளே. ராடுகளுக்கு நடுவே குறைந்தது ஒரு ராடு நீளம் இடைவெளி வேண்டும். அதைவிட நெருங்கினால் இரண்டாவது ராடுக்குக் கொடுத்த காசு பாதி வீண். துளை போடுமுன் மெட்ரோ வாட்டர் குழாயும் மின்வாரியத்தின் நிலத்தடிக் கேபிளும் எந்தப் பக்கம் வருகின்றன என்று பார்ப்பது கட்டாயம். இந்தப் பக்கம் பெரும்பாலும் பில்லர் பாக்ஸிலிருந்து (தெருவோர மின்வாரியப் பெட்டி) மண்ணுக்கடியில்தான் கேபிள் வீட்டுக்குள் நுழைகிறது. சந்தேகமான இடத்தில் முதல் மூன்றடியைக் கடப்பாரை இல்லாமல் கையாலேயே தோண்டினோம்.

முதலடி கட்டட இடிபாடு, செங்கல் துண்டு. அதன் கீழே கடல்மணல். ஏழடி வரை ஆறு கிலோ சம்மட்டிக்கு வெண்ணெய் மாதிரி இறங்கியது, பிறகு ஈர மண். முதல் ராடில் செய்த தப்பு: தலைக்குத் தொப்பி போடாமல் நேரே அடித்தது. கடைசி ஓரடியில் தலை காளான் மாதிரி விரிந்து, கிளாம்ப் நுழையவில்லை. ஆங்கிள் கிரைண்டரால் இரண்டு இஞ்ச் அறுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது ராடுக்குக் கிளாம்பை முதலிலேயே நுழைத்துவிட்டு, தலையில் ஒரு துண்டு பைப்பும் பெரிய போல்ட்டும் மாட்டி அடித்தோம். மேஜை, ஸ்டூல் மேல் நின்று சம்மட்டி அடிப்பதைவிட, நாலு கால் சாரப் பலகை வாடகைக்கு எடுப்பது முதுகுக்கும் தலைக்கும் நல்லது.

துளைக்குள் மேல் இரண்டடிக்கு பென்டோனைட் (ஈரம் பிடித்து வைக்கும் களிமண்) கலவை ஒரு மூட்டை, தண்ணீரில் கஞ்சியாகக் கரைத்து ஊற்றியது. மேலே சின்ன எர்த் சேம்பர் மூடி. இரண்டு ராடையும் அரை மீட்டர் ஆழத்தில் 25க்கு 3 செம்புப் பட்டையால் இணைத்தாயிற்று. மண்ணுக்குள் ஜி.ஐ. பட்டை போட்டிருந்தால் விலை பத்தில் ஒரு பங்குதான். ஆனால் செம்போடு சேர்ந்த துத்தநாகம் உவர்நீரில் தன்னைத் தின்னக் கொடுத்துவிடும். செம்பும் ஜி.ஐ.யும் சந்திக்கும் இடம் ஒன்றே ஒன்று. அது மண்ணுக்கு மேலே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஈயம் பூசிய லக், ஸ்டெயின்லெஸ் வாஷர், கிரீஸ், டேப் என்று இருக்கிறது.

இரண்டு ராடும் சேர்ந்து 5.5 ஓம். வீட்டு எர்த்தையும் சேர்த்தபின் 4. இடிக்காப்புக்கான தரநிர்ணயம் ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 சொல்லும் 10 ஓமுக்குள் நன்றாகவே வந்துவிட்டது. இதற்குமேல் ஓமைத் துரத்துவதில் பிரயோசனமில்லை.

பெட்டி

மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் 400க்கு 300க்கு 150 மி.மீ. பாலிகார்பனேட் பெட்டி, 1,900 ரூபாய். அடிப்பாகம் தரையிலிருந்து 1.4 மீட்டரில். 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலிலும் தெருத்தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று சுவர்க்கறை சொல்லும். அதற்குமேல் ஓரடி கூட்டிக்கொண்டால் சரி.

உள்ளே 250க்கு 200க்கு 3 மி.மீ. செம்புத் தகடு, ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல், 1,280 ரூபாய். இரண்டு அரெஸ்டரும் அதில் நட்டால் இறுக்கப்பட்டவை. தகட்டிலிருந்து முதல் ராடுக்குச் செம்புப் பட்டை, வளைவே இல்லாமல் நேர் கீழே. தகட்டிலிருந்து வீட்டு எர்த்துக்கு முன்னே வாங்கி வீணாக இருந்த 16 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 2.5 மீட்டர் துண்டு இரண்டு, இணையாக. செம்புப் பட்டை வெளியே தெரியாதபடி பி.வி.சி. உறைக்குள் போக வேண்டும். வெளிச்சுவரில் பளபளவென்று செம்பு தெரிந்தால் ஒரே வாரத்தில் காயலான் கடைக்குப் போய்விடும். மாஸ்ட்டிலிருந்து வரும் பட்டையை ஜி.ஐ.யில் போட்டதற்குப் பாதிக் காரணம் அதுவே.

ஆன்டெனா கேபிள் இப்போது மாடியிலிருந்து தரைக்கு இறங்கிப் பெட்டிக்குள் போய், திரும்ப மேலேறி ரேடியோ அறைக்குப் போகிறது. சுற்றுவழிதான். பெட்டியை மாடி ஜன்னலிலேயே வைத்து ஒரு பட்டையை மட்டும் இறக்கியிருக்கலாம். அந்த நாலு மீட்டர் பட்டை நேரடி இடியில் 40,000 வோல்ட்டுக்குச் சொந்தக்காரன் ஆகிவிடும். கூடுதல் 8 மீட்டர் கேபிளால் ஆகும் இழப்பு 7 மெகாஹெர்ட்ஸில் 0.2 டெசிபெலுக்கும் குறைவு, 145இல் 0.7. அதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது.

கேஸ் டியூப்பில் சிக்கியது

மொத்த வேலையில் அதிக நேரம் தின்றது 90 ரூபாய்ச் சாமான். அரெஸ்டர் இரண்டும் 950 ரூபாய் ஆன்லைன் சரக்கு; மேலே 200 வாட் என்று அச்சடித்திருந்தது. எல்லாம் மாட்டி 20 வாட்டில் டியூன் செய்தால் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா பொருத்தத்தின் அளவு; 1 என்றால் கச்சிதம், ஏறினால் சிக்னல் திரும்பி வருகிறது) 1.3. 50 வாட் சி.டபிள்யூ.வில் (மோர்ஸ்) 1.3. 100 வாட் எஸ்.எஸ்.பி.யில் (குரல் முறை) பேசினால் குரல் ஏறும்போதெல்லாம் முள் 5க்குத் துள்ளி, ரிக் தானாகப் பவரைக் குறைத்தது. இரண்டு ஞாயிறு பேலன் (balun: கோஆக்ஸை ஆன்டெனாவோடு பொருத்தும் பாகம்), பி.எல்.259 (கேபிள் முனைக் கனெக்டர்) சால்டர், கேபிள் என்று மாற்றி மாற்றிப் பார்த்தபின் அரெஸ்டரின் மூடியைத் திருகினால், உள்ளே 90 வோல்ட் கேஸ் டியூப், அதாவது அந்த வோல்டேஜ் தாண்டினால் உள்ளே வாயு பற்றி எர்த்துக்கு வழிவிடும் குப்பி.

50 ஓமில் 100 வாட் என்றால் உச்சி வோல்டேஜ் சரியாக 100. டியூப்பின் அளவில் 20 சதவீதம் முன்பின் இருக்கும். 90 என்று எழுதியது 72இலும் பற்றும், 108இலும் பற்றும். ரேடியோவின் சொந்த சிக்னலே டியூப்பைப் பற்றவைத்திருக்கிறது. எஸ்.டபிள்யூ.ஆர். 3 வரை போகும் என்று வைத்தால் உச்சி 150. ரிச்சி தெருவில் 230 வோல்ட் டியூப் வாங்கினோம். அது ஆகக் குறைந்தது 184இல்தான் பற்றும். 100 வாட்டுக்கு அதுவே பொருத்தம். பொது நிலை உரிமம் வைத்து 400 வாட் ஓட்டுபவர்களுக்கு உச்சி 200, எஸ்.டபிள்யூ.ஆர். 3இல் 300, அங்கே 350 டியூப்பும் விளிம்பில்தான் நிற்கும், 470 எடுக்கலாம். பயந்துகொண்டு எல்லோரும் 600 போடுவதும் சரியில்லை, காப்பு அத்தனைக்கு நழுவும்.

230 வோல்ட் டியூப் என்பதால் 230க்கு மேல் எதுவும் உள்ளே போகாது என்று நினைக்கவும் கூடாது. வேகமாக ஏறும் அலைக்கு அது பற்றிக்கொள்வதற்குள் 600, 700 வோல்ட் தாண்டிவிடும். அந்தக் கணநேரத் துணுக்கே ரிக்கின் முன்வாசலுக்குப் போதும். ஆகவே பெட்டிக்குள் அரெஸ்டருக்கும் அறைக்குப் போகும் கேபிளுக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் ஜம்பர் கேபிள். ரேடியோவை ஓட்டாத நேரமெல்லாம் அது கழற்றப்பட்டே இருக்கும். கழற்றிய அரெஸ்டர் வாசலில் நடுப்பின்னை வெளிக்கூட்டோடு சால்டர் வைத்த ஒரு பி.எல்.259, அதாவது ஷார்ட் பிளக். ஆன்டெனா நேராகத் தகட்டோடு சேர்ந்துவிடும். கேபிளைக் கழற்றி அறைக்குள் கண்ணாடிப் பாட்டிலில் செருகி வைக்கும் பழைய வழக்கம் இடியை வீட்டுக்குள் வரவேற்று உட்காரவைப்பது மாதிரி. பல ஆயிரம் அடி காற்றைத் தாண்டி வந்தது கண்ணாடியைப் பார்த்து நிற்காது.

மாஸ்ட்டும் மேல்வேலையும்

மாஸ்ட் அடியிலிருந்து 25க்கு 3 ஜி.ஐ. பட்டை 9.5 மீட்டர், ஐந்தரை கிலோ, 620 ரூபாய். வட்டக் கம்பியைவிடப் பட்டை மேல். இடி மின்னோட்டம் தோலிலேயே ஓடும், பட்டைக்குத் தோல் அதிகம். கைப்பிடிச் சுவரைத் தாண்டும் இடத்தில் செங்குத்தாக மடக்காமல் 20 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்தது. மீட்டருக்கு ஒரு சேடில். வழியில் ஓரடி தள்ளி இருந்த ஜன்னல் கிரில்லையும் அதோடு இணைத்தாயிற்று. இல்லாவிட்டால் பட்டையிலிருந்து கிரில்லுக்குப் பொறி தாவும்.

கோஆக்ஸின் வெளிவலையை மாஸ்ட்டோடு சேர்க்க முதலில் கேபிள் தோலை ஒரு இஞ்ச் சீவி, ஹோஸ் கிளிப்பால் இறுக்கினோம். வெயிலில் உள்ளிருக்கும் பாலிதீன் இளகி, வலை உள்ளே புதைந்து, மூன்று வாரத்தில் கிளிப் தொளதொளவென்று ஆடியது. கேபிளை அந்த இடத்தில் வெட்டி, இரண்டு பி.எல்.259 போட்டு, மாஸ்ட்டோடு போல்ட் செய்த எல் ஆங்கிளில் இரட்டைப் பெண் இணைப்பான் வழியாகக் கொண்டுபோனதுதான் நிலைத்தது. வாசலினை மரையில் மட்டும் தடவி, செல்ஃப் அமால்கமேட்டிங் டேப்பைப் பாதி அகலமாகும் வரை இழுத்துச் சுற்றி, மேலே கறுப்பு பி.வி.சி. டேப். நிக்கல் முலாம் கனெக்டர்கள் இந்தக் கடல்காற்றில் ஒரு வருஷத்தில் பச்சை பூத்துவிடுகின்றன. வெள்ளி முலாம், டெஃப்ளான் உள்ளீடு கொண்டதற்கு 60 ரூபாய் கூடக் கொடுப்பது லாபம்.

இன்வர்டெட் வீயின் பேலன் பெட்டியில் 100 கிலோஓம், 3 வாட் தடை ஒன்று குறுக்காக. வறண்ட காற்றும் தூரத்து மேகமும் கம்பியில் மெதுவாக ஏற்றும் நிலைமின்னை டியூப் கவனிக்காது. இந்தப் பத்து ரூபாய் தடை சொட்டுச் சொட்டாக இறக்கிவிடும்.

மாஸ்ட்டைத் துடைத்துப் பெயின்ட் அடிக்கும்போது கண்டது இன்னொன்று. பக்கத்து மாடிகளுக்குப் போகும் கேபிள் டிவி ஒயரும், உள்ளே எஃகுக் கம்பி ஓடும் இணைய ஃபைபர் கேபிளும் எங்கள் மாஸ்ட்டில் கட்டு போடப்பட்டிருந்தன. மாஸ்ட்டில் இடி இறங்கினால் தெருவில் பாதி டிவிக்கு நாமே வழி போட்டுக்கொடுத்த மாதிரி, எதிர்த்திசையிலும் அப்படித்தான். கேபிள்காரரிடம் சொல்லி இரண்டையும் வேறு சுவருக்கு மாற்றியாயிற்று. மாடியில் மாஸ்ட் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டியது இது.

மெயின் போர்டு

இந்தப் பகுதி உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் கையால், கூலி 1,500. டைப் 2 எஸ்.பி.டி. (மின்லைனில் வரும் திடீர் எழுச்சியைத் திருப்பிவிடும் காப்பு), 40 கிலோஆம்பியர், 320 வோல்ட், 3,200 ரூபாய். 275 வோல்ட்டுக்கானது மலிவு. ஆனால் ராத்திரி லைன் ஏறும் தெருக்களில் அதற்கு ஆயுள் குறைவு. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எம்.ஓ.வி. (வோல்டேஜ் ஏறினால் தடை குறையும் பாகம்), நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பொறி இடைவெளி உள்ள வகை. ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் போட வேண்டும். பின்னால் போட்டால் ஒவ்வொரு இடிக்கும் ஆர்.சி.சி.பி. விழும். எஸ்.பி.டி.யின் இணைப்பு ஒயர்கள் எல்லாம் சேர்ந்து அரை மீட்டருக்குள். போர்டில் அழகாக வளைத்து மடித்து வைத்த நீள ஒயரை எலக்ட்ரீஷியன் முகம் சுளிக்க வெட்டிக் குறைக்கச் சொன்னோம்.

செலவு மொத்தம் 30,400. அதில் பெரிய பங்கு ராடு, செம்பு, கேபிள் மூன்றுக்கும்தான். வீணானது 16 ஸ்கொயர் ஒயரில் 11 மீட்டர், அறுத்தெறிந்த கனெக்டர்கள் ஆறு, 90 வோல்ட் டியூப் இரண்டு. எரிந்துபோன மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இந்தக் கணக்கில் இல்லை.

அக்டோபரில் இரண்டு சாயங்காலம் தலைக்கு மேலேயே இடித்தது. சாமான் ஒன்றும் போகவில்லை. இது காப்பினாலா, ஜம்பர் கழற்றியிருந்ததாலா, வெறும் அதிர்ஷ்டமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மறுநாள் மெகரை (காப்புத் தடை அளக்கும் கருவி) 100 வோல்ட்டில் வைத்து டியூப்களை அளந்தபோது இரண்டும் கிகாஓமுக்கு மேல் காட்டின. கசிந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். சாதா மல்டிமீட்டரில் தெரியாது.

மறுபடி போடுவதாக இருந்தால் பெட்டியை வெளிச்சுவரில் வைத்த இடத்தை மாற்ற வேண்டும். இடிச்சத்தம் கேட்டபிறகு வெளியே போய் அந்தப் பெட்டியைத் திறந்து ஜம்பரில் கைவைப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. "பேசி முடித்தால் கழற்று" என்ற பழக்கம் வருவதற்குள் இரண்டு முறை மறந்தாயிற்று. அப்படி மறந்த நாளில் பெட்டியைத் தொடாமல், அறையில் மூன்று பின் பிளக்குகளையும் தொடாமல் விலகி உட்கார்ந்துகொள்வதுதான். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துப் போகலாம். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னல் காட்டுகிறது. அது 40இல் காட்டும்போதே கழற்றிவிட்டால் இந்த அவஸ்தை இல்லை. மேற்கே ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் மேகம் கறுத்தால் இங்கே வந்து சேர அதிக நேரம் பிடிக்காது.

டிசம்பர் மழைக்குப் பின் பெட்டியைத் திறந்தபோது தண்ணீர் இல்லை, ஆனால் கேபிள் நுழையும் கிளாண்ட் ஓரத்தில் எறும்பு வரிசையும் தகட்டின் பின்னால் இரண்டு பல்லி முட்டையும் இருந்தன. கிளாண்டைச் சுற்றி எம்-சீல் வைத்து அடைத்து, அடியில் நீர் வடிய விட்ட 5 மி.மீ. துளைக்குள் கொசுவலைத் துண்டு ஒட்டியிருக்கிறது. ராடு கிளாம்ப் நட்டுகளை மார்ச்சில் ஒருமுறை இறுக்கி, கிளாம்ப் டெஸ்டரை மீண்டும் வாடகைக்கு எடுத்து மே மாதக் காய்ச்சலில் 4 ஓம் எவ்வளவு ஆகிறது என்று பார்க்க வேண்டும்.